செத்தவருக்குத் திறந்த கதவு

செத்துப்போன என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் வந்து வாசலில் நின்றார். கேட்கிறவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சலவை அறை என் பொறுப்பு. என் அண்ணன் அதே இல்லத்தில் வாசல்காரர். கதவுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, சாவிகள் தொங்கும் ஒரு பலகை, அதற்கு மேலே ஒரு புனிதரின் சின்னப் படம். அல்போன்ஸ் ரோட்ரிகஸ் என்று பெயர். ஊரெல்லாம் சுரூபம் வைத்துக் கொண்டாடுகிற அளவுக்குப் பேர்போனவர் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மடத்துக்குப் போனவர். படிப்பும் ஏறவில்லை என்று வாசல் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். கிழவராகும் வரைக்கும் கதவு திறந்தார், அவ்வளவுதான். மணி அடிக்கும்போதெல்லாம் வெளியே நிற்பது கடவுள்தான் என்று நினைத்துக்கொண்டு, 'இதோ வர்றேன் ஆண்டவரே' என்று எழுந்து போவாராம்.

அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டார். பால்காரர் வந்தாலும், குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாலும், "இதோ வர்றேன் ஆண்டவரே" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சமையல்காரம்மாவுக்கு இதில் ஒரே கொண்டாட்டம்.

"என்னண்ணே, உங்க ஆண்டவர் இன்னைக்கு வெங்காய மூட்டையோட வந்திருக்காரு போல. பாதி அழுகல். நாளைக்கு நல்லதா கொண்டாரச் சொல்லுங்க."

நானும் சேர்ந்து சிரிப்பேன். கதவு திறப்பதெல்லாம் ஒரு பக்தியா என்பது என் எண்ணம். முழங்காலில் நின்று செபிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சாப்பாட்டைக் குறைத்து ஒருசந்தி இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், இவருக்கு மட்டும் தாழ்ப்பாளில் போய் மோட்சம் மாட்டிக்கொண்டிருக்கிறதாக்கும் என்று கேலி பேசுவேன். அண்ணன் பதிலுக்குச் சிரிப்பாரே தவிர ஒன்றும் சொல்லமாட்டார்.

என் பக்தி வேறு மாதிரி. கல்யாணமாகி முழுசாக ஒரு வருஷம்கூட என் வீட்டுக்காரரோடு இருந்ததில்லை. கோயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாயிருப்பேன், அதாவது கைவிடாமல் உண்மையாயிருப்பேன் என்று வாக்குக் கொடுக்கும்போது பிரமாணிக்கம் என்ற வார்த்தை அவர் வாயில் நுழையவில்லை. "பிரமா... பிரமா..." என்று திணறினார். கல்யாணம் நடத்திவைத்த சாமியாரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

பிறகு தூரத்தில் சுரங்க வேலைக்குப் போனார். சுரங்கம் இடிந்தது. உடம்பு கிடைக்கவில்லை, அவருடைய தகரப் பெட்டி மட்டும் வந்தது. அண்ணன்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார். தங்கச்சி தனியாக நிற்கிறாளே என்று அவரும் கல்யாணம் கட்டாமல் தனிக்கட்டையாகவே இருந்துவிட்டார். நான் வருஷம் தவறாமல் அந்த ஆன்மாவின் இளைப்பாற்றிக்குப் பூசை கொடுத்தேன். மறு கல்யாணம் பேச வந்தவர்களை நிற்க வைத்தே அனுப்பினேன். செத்தவர்கள் பாவம் தீரும்வரை கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்துகொண்டிருப்பாரே என்று வாய்க்குப் பிடித்த இனிப்பைக்கூட விட்டேன். எங்கள் கோயிலில் பிரமாணிக்கத்துக்கு ஒரு பரிசு வைத்திருந்தால் அது எனக்குத்தான் வந்திருக்கும். அப்படி ஒரு கர்வம் எனக்கு உண்டு.

அன்றைக்குத் துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு முன்கூடத்தைக் கடந்துகொண்டிருந்தேன். புதிதாக ஒரு முதியவர் வரப்போகிறார், கீழ்த்தள அறையில் படுக்கையைத் தயார் பண்ணு என்று இல்லத்தின் தலைவி மதர் சொல்லியிருந்தார். மணி அடித்தது.

"இதோ வர்றேன் ஆண்டவரே," என்று எழுந்த அண்ணன், கதவில் முகமளவுக்கு இருக்கிற சின்னப் பலகையை நகர்த்திப் பார்த்தார். உடனே மூடினார். அண்ணன் அப்படி யார் முகத்திலும் மூடினதை நான் பார்த்ததே இல்லை.

"என்னண்ணே? யாரு?"

"மாப்பிள்ளை."

"எந்த மாப்பிள்ளை?"

"நமக்கு எத்தனை மாப்பிள்ளை இருக்காங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று அவரைத் தள்ளிவிட்டு நானே பலகையை நகர்த்தினேன். சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நாற்காலியைப் பிடித்தபடி ஒரு இளம்பெண். அவர் தலையைத் திருப்பினார். இடது காதின் மடல் பாதிதான் இருந்தது. சின்ன வயசில் நாய் கடித்த காது. கல்யாணமான புதிதில் நான் கிண்டல் செய்து கிண்டல் செய்தே சிவக்க வைத்த காது. முகத்தை நோய் மாற்றியிருந்தது, காதை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் யாருக்காக இத்தனை காலம் அழுதேன், யாருக்காகச் சாமியார் பீடத்தில் நின்று செபித்தார் என்று ஒன்றுமே புரியவில்லை.

மணி மறுபடியும் அடித்தது.

"தொறக்காதீங்கண்ணே," என்று தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். மதர்கிட்ட என்ன வேணா சொல்லிக்கலாம். இடமில்லன்னு அனுப்பிடுங்க. எனக்காக எல்லாத்தையும் விட்டீங்களே, இன்னைக்கு ஒரு கதவை எனக்காக மூடி வைக்கக் கூடாதா?"

அண்ணன் என் சொல்லைத் தட்டியதே கிடையாது. அன்றைக்கும் தட்டமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் உதடு அசைந்தது. வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லப் பார்க்கிறார் என்று தெரிந்தது. சத்தம் வரவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். என் கூடப்பிறந்தவர், என் கண் முன்னாலேயே.

அந்தப் பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நல்ல பிள்ளை. அதை நான் அப்போதே பார்த்தேன், எரிச்சலோடு பார்த்தேன்.

"மதர்கிட்டப் பேசியிருக்கேன். இவர் எங்கப்பா," என்றாள். பிறகு அவர் பெயரைச் சொன்னாள். அது என் வீட்டுக்காரர் பெயரே இல்லை. பேரையும் மாற்றிக்கொண்டிருக்கிறார். "அம்மா போனதுலேர்ந்து நான்தான் பார்த்துக்கிட்டேன். எனக்கு ஆஸ்பத்திரியில ஷிப்ட் வேலை. வீட்ல தனியா விட பயமா இருக்கு. பாவம்ங்க, ரொம்ப அதிர்ஷ்டசாலியா இருந்தவரு."

"அதிர்ஷ்டமா?" என்றேன்.

"சின்ன வயசுல சுரங்கத்துல இருந்தாரு. அது இடிஞ்ச அன்னைக்கு இவருக்குக் காய்ச்சல், உள்ள இறங்கல. அந்தக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்துலதான் அம்மாவைப் பார்த்தாராம். 'எனக்கு அன்னைக்குத்தான் உசுரும் வந்துச்சு, உங்கம்மாவும் வந்தா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

எந்த நாளுக்காக நான் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் புரண்டேனோ, அது இவர்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற நாள். வண்டியை அப்படியே விட்டுவிட்டுச் சலவை அறைக்கு ஓடினேன். கதவைச் சாத்திவிட்டு, இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. அழ வேண்டியதையெல்லாம் முன்பே தப்பான கணக்கில் அழுது தீர்த்துவிட்டேன் போல.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். நிலைப்படியிலேயே நின்றார்.

"வெளிய போங்க," என்றேன். "உங்க ஆண்டவரைப் போய்க் கவனிங்க. பாதிக் காதோட வந்திருக்காரே."

"அங்க ஆண்டவர் இல்லம்மா. எனக்குத் தெரியல," என்றார். "அந்த ஆள்தான் தெரிஞ்சான். அவன் கழுத்தை நெரிக்கணும்னு என் கை பரபரன்னு வந்துச்சு. அதான் அந்தக் கைக்குத் தாழ்ப்பாளைக் குடுத்தேன்."

அண்ணன் ஈ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிறவர்.

"அப்புறம் ஏன் தொறந்தீங்க?"

"தொறக்குறேன்னு சொன்னவன் நான். மணி அடிச்சதும் எழுந்து வந்தது நான். வெளிய நிக்கிறது யாருன்னு பார்த்துட்டு அப்புறம் தொறக்குறதா இருந்தா, இத்தனை நாள் நான் சொன்னது வெறும் வாய்ப்பழக்கம்தானே?" அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புனிதருக்கும் தினம் தினம் வாசல்ல கடவுள் தெரிஞ்சிருப்பாரா என்ன? தெரியாத நாளும் இருந்திருக்கும். அன்னைக்கும் எழுந்து போயிருப்பாரு. அதுக்குத்தான் புனிதர் பட்டம்னு எனக்கு இப்பத்தான் புரியுது. வார்த்தை வரலம்மா. கை மட்டும் வந்துச்சு."

எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அவ்வளவு நாள் நான் கேலி செய்தது எதை என்று அந்த நிமிஷம் தெரிந்தது, அது ஒரு அடி. என் பிரமாணிக்கம் செத்தவரோடு இருந்தது. செத்தவரிடம் பிரமாணிக்கமாயிருப்பது ஒரு கஷ்டமே இல்லை. அவர் முகம் சுளிக்கமாட்டார், பேரை மாற்றிக்கொள்ளமாட்டார், வேறொருத்தி பெற்ற பிள்ளையோடு வந்து நிற்கமாட்டார்.

"தொறந்ததோட என் வேலை முடிஞ்சுது," என்றார் அண்ணன். "அவன் இங்க இருக்கணுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். நீ மதர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வேற இல்லத்துக்கு மாத்திடுவாங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மதரிடம் மட்டும் இல்லை, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது. உங்கம்மா அந்த வீட்டில் யார், இந்த ஆள் யார், நான் யார் என்று கோயில் மணி மாதிரி எல்லாருக்கும் கேட்கச் சொல்லப்போகிறேன். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வேகமாக முன்கூடத்துக்குப் போனேன். அண்ணன் பின்னாலேயே வந்தார்.

என்னைப் பார்த்ததும் சக்கர நாற்காலியில் இருந்தவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கோணின வாய் இன்னும் கோணியது. ஏதோ சொல்லப் பார்த்தார், எச்சில்தான் வழிந்தது. வேலை செய்கிற ஒரே கையை நீட்டி என் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கண்ணீர் கொட்டியது. சொல்லப்போகிறாளே என்ற பயமா, செய்ததை நினைத்த வெட்கமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

அந்தப் பெண் பதறிப்போய் மண்டியிட்டு அவர் வாயைத் துடைத்தாள். துடைத்த துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தால் கண்ணையும் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா யாரையும் இப்படிப் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. என்னை விட்டா அவருக்கும், அவரை விட்டா எனக்கும் வேற யாருமே கிடையாது. உங்களுக்கு அப்பாவை முன்னாடியே தெரியுமா?"

சொல்ல வேண்டியதையெல்லாம் வாய் நிறைய வைத்துக்கொண்டு வந்தேன். அண்ணன் சுவரோரம் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் செத்துப்போன ஒரு அம்மாவும், இந்தப் பாதிக் கிழவரும், ஒரு காய்ச்சல் கதையும்தான். நான் ஒரு வாக்கியம் சொன்னால் மூன்றும் போய்விடும். இந்த ஆளுக்கு அன்றைக்கு என்மேல் அப்படி ஒரு இரக்கம் தோன்றவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. எரிச்சலோடுதான் வாயைத் திறந்தேன்.

"தெரியும்மா," என்றேன். "ஒரு கல்யாணத்துல பார்த்தது."

"அப்பாடா," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருக்கீங்களே. இனிமே நான் நிம்மதியா வேலைக்குப் போவேன்."