காலரில் மஞ்சள்

ஜூன் மாதம் திறந்த பள்ளிக்கூடத்துக்கு நவம்பர் மாதம் சீருடை வந்தது. துணி ஆகஸ்டிலேயே தயார். சிறப்பு விருந்தினருக்குத்தான் தேதி தயாராகவில்லை. கடைசியில் குழந்தைகள் தினத்தன்று அவருக்கு ஒரு மணி நேரம் ஒழிந்தது. ஏழைக் குழந்தைகள் அதுவரை வளராமல் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. சிலர் பொறுக்காமல் வளர்ந்தும்விட்டார்கள்.

பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நல்ல உடையில் வர வேண்டும், ஆனால் ரொம்ப நல்ல உடையில் வந்துவிடக் கூடாது. பிரிஸில்லா இரண்டுக்கும் நடுவில் ஒரு புடவையைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டு போனாள்.

அவள் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், சுடிதார் பிரிவில் நிற்பவள். வேலைக்கு வேறு பெயர் இருக்கிறது, ஆனால் செய்வது நிற்பதுதான். ஊழியர் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது, அதன்மேல் துணி அடுக்கியிருக்கிறார்கள். கணவன் ஆம்ப்ரோஸ் மூன்று வருஷத்துக்கு முன்னால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறேன் என்று கிளம்பினான். இன்னும் நடந்துகொண்டிருக்கிறான் போலும். மகள் ஆலிஸ் ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அந்தப் பிரிவுக்கு அரசாங்கத்தின் இலவசச் சீருடை வராது. ஆகவே மயிலாப்பூரிலிருந்து வந்தது: அன்னபூரணி அடுக்ககக் குடியிருப்போர் நற்பணி மன்றம்.

மன்றத்தின் செயலாளர் சுப்பராமன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மேடையில் அரை மணி நேரம் எளிமையைப் பற்றிப் பேசினார். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துக் கொடுத்தாள். பிரிஸில்லாவும் ஆலிஸும் பாக்கெட்டின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள்.

"கொஞ்சம் சிரிம்மா," என்றார் சுப்பராமன். "சிரிப்பு வரலைன்னா கண் கலங்கினாலும் போறும். ஏதாவது ஒண்ணு பண்ணு."

பிரிஸில்லா எதுவும் பண்ணவில்லை. மூன்று முறை எடுத்தார்கள். மூன்றிலும் அவள் வாக்காளர் அடையாள அட்டையில் இருப்பதுபோல இருந்தாள்.

பாக்கெட்டைப் பிரித்தபோதுதான் பார்த்தாள். சட்டைக் காலரில், கழுத்துக்கு நேராக, கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். புதுத்துணிக்கு வைக்கிற மஞ்சள்தான், தெரியாததில்லை. ஈஸ்டருக்கு எடுக்கிற துணியில் அவளும் வைப்பாள், உள்பக்கமாக, ஓரத்தில். இப்படி வாசலில் வைப்பதில்லை.

வெள்ளைச் சட்டைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காசு கொடுத்து வாங்கியதும் கைநீட்டி வாங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரியாது. அந்த வசதி திங்கட்கிழமை காலை பிரேயரோடு முடிந்தது. காலரில் மஞ்சள் இருப்பவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்பதைக் கடைசி வரிசையில் நிற்பவர்கள்கூடப் பார்த்தார்கள். அன்று ராத்திரி பிரிஸில்லா சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் சிவந்தது. இன்னும் தேய்த்தாள். இன்னும் சிவந்தது. சோடா போட்டு ஊற வைத்து அலசினாள். அது செங்கல் நிறத்துக்கு வந்து, இனி இங்கேதான் குடியிருப்பேன் என்று தங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆலிஸ் அழாமல் வந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"எங்களுக்குப் பேர் வெச்சுட்டாங்க," என்றாள். "சட்னி செட்டு."

"எவ அவ?"

"எல்லாரும். தக்காளி சட்னி வழிஞ்ச மாரி கீதாம். நான் இனிமே போகல."

"போகாம இன்னா பண்ணுவ?"

"உன் கடைக்கு வரேன். சுடிதார் மடிக்கிறேன்."

மூன்றாவது மாடியில், துணி உட்கார்ந்திருக்கும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தன் மகள் நிற்பதைப் பிரிஸில்லா ஒரே ஒரு நொடி கற்பனை செய்தாள். அந்த ஒரு நொடிக்கு மயிலாப்பூர் பதில் சொல்லியாக வேண்டும் என்று தீர்மானித்தாள்.

மறுநாள் புதன்கிழமை, அவளுக்கு வார விடுமுறை. சொன்னபடியே ஆலிஸ் பள்ளிக்குப் போகவில்லை. சட்டையை ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டு பிரிஸில்லா கிளம்பினாள். அன்னபூரணி அடுக்ககத்தில், வெளியாட்கள் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு மின்தூக்கியில் ஏறினாள்.

கதவைத் திறந்தது ஜெயலக்ஷ்மி. கையில் கொத்தவரங்காய்.

"யாரும்மா?"

"நீங்க சட்டை குடுத்தீங்களே, அந்தப் பொண்ணோட அம்மா."

"ஓ! தேங்க்ஸ் சொல்ல வந்தியாக்கும்? அதெல்லாம் எதுக்கு. சரி, வந்தது வந்தே, உள்ள வா."

"தேங்க்ஸ் இல்ல மாமி. இத்தப் பாருங்க."

ஜெயலக்ஷ்மி பார்த்தாள். ஓரடி பின்னால் போனாள். "ஐயய்யோ, என்னது, ரத்தமா?"

"உங்க மஞ்சள்."

"மஞ்சளுக்குப் போய் யாராவது சோப்புப் போடுவாளோ? வெயில்ல காயப் போட்டா தன்னால போயிடும். இதுகூடத் தெரியாதா நோக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். தீபாவளிக்கு ஆரம்பித்த மழை இன்னும் விடவில்லை. வெயிலைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

கூடத்தில் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பெரிய அட்டை கிடந்தது. அதில் சுப்பராமன் பள்ளிக்கூடப் போட்டோக்களை ஒட்டிக்கொண்டிருந்தார். நகரத்துக் குடியிருப்போர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து சனிக்கிழமை அவருக்குச் 'சேவைச் செம்மல்' பட்டம் கொடுப்பதாக இருந்தது. அட்டை அங்கே காட்சிக்கு. நடுவில், வாக்காளர் அட்டை முகத்தோடு பிரிஸில்லா. அவள் முகத்துக்கு மேலே, பாக்கெட்டில் மடித்தபடியே ஒரு புதுச் சட்டையைக் குண்டூசியால் குத்தியிருந்தார். பாக்கெட்டின் மேல் 'மாதிரி' என்று எழுதியிருந்தது. தையல்காரர் முதலில் ஏழாம் வகுப்பு அளவில் தைத்துக் காட்டிய சட்டை. காலர் சுத்த வெள்ளை.

"என்ன பிராப்ளம்?" என்றார் சுப்பராமன், பசையிலிருந்து கையை எடுக்காமல்.

"ஸ்கூல்ல புள்ளைங்க சட்னின்னு கூப்டுது சார். என் பொண்ணு படிப்பே வேணாங்குது."

"கிட்ஸ் வில் பி கிட்ஸ். நாங்க படிக்கறச்சே எங்களைக்கூட என்னென்னவோ சொல்லுவா."

"உங்களுக்கு யார் சார் சட்டை குடுத்தாங்க?"

சுப்பராமன் பசைப் புட்டியை மூடினார்.

"இதோ பாரும்மா," என்றாள் ஜெயலக்ஷ்மி, "புதுத்துணியை மஞ்சள் வைக்காமக் குடுக்கப்படாது. எங்காத்து வழக்கம். உங்க குழந்தைகள் நன்னா இருக்கணும்னுதான் நான் கை வலிக்க வலிக்க உக்காந்து வெச்சேன். நன்றின்னு ஒண்ணு வேண்டாமோ மனுஷாளுக்கு?"

பிரிஸில்லா பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைக்குக் கீழே கட்டிய கொடியில் வேறொரு பள்ளிக்கூடத்தின் வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பையில் நீல நிறச் சின்னம். நேராகப் போய் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"ஏய், கையை எடு! என் பேத்தி ஷ்ரேயாவோடது அது. அடையாறு ஸ்கூல்ல படிக்கறா."

சட்டையின் கீழ் ஓரத்தில், பாவாடைக்குள் போய்விடும் இடத்தில், மிளகு அளவுக்கு மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டு.

"இதுக்கு மட்டும் இன்னா மாமி, கீழ வெச்சிருக்கீங்க?"

"பின்னே? காலர்ல வெச்சா குழந்தை எப்படி ஸ்கூலுக்குப் போட்டுண்டு போவா? அசிங்கமா இருக்காதோ?"

சொல்லி முடித்த பிறகுதான் அது ஜெயலக்ஷ்மியின் காதிலேயே விழுந்தது. சுப்பராமன் இருமினார். சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"அது வந்து," என்றாள் ஜெயலக்ஷ்மி, குரலை உயர்த்தி, "வேணும்னு ஒண்ணும் பண்ணலை. எல்லாம் குண்டூசி குத்தி, மடிச்சு, பாக்கெட்ல வந்தது. அத்தனையும் பிரிச்சா மறுபடி யாரு மடிக்கறது? காலர்தான் மேல இருந்தது. கவருக்குள்ள விரலை விட்டு விட்டு வெச்சுட்டேன். சீரியல் பார்த்துண்டே முடிச்சேன், தெரியுமோ?"

இதை அவள் ஒரு சாதனையாகத்தான் சொன்னாள். பிரிஸில்லாவுக்கு இதுவரை இருந்தது கோபம். இப்போது கோபத்துக்கு மேல் ஒரு மாடி கட்டியாயிற்று. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். கொஞ்சமாவது நினைத்துச் செய்திருப்பார்கள். இது பிரிக்கச் சோம்பல்.

மேஜைக்கு வந்தாள். அட்டையில் குத்தியிருந்த மாதிரிச் சட்டையைப் பிடுங்கினாள். 'மாதிரி' பாதி கிழிந்தது.

"ஏய்! அது எக்ஸிபிட்!" சுப்பராமன் எழுந்தேவிட்டார். "சாட்டர்டே ஃபங்ஷனுக்கு அது வேணும்!"

"குடுத்த சட்டைய மாட்டுங்க சார்." கேரி பேக்கில் இருந்த செங்கல் காலர் சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதான் நீங்க குடுத்தது. அது நீங்க குடுக்காதது. குடுக்காததுக்கா பட்டம் தராங்க?"

"அடுத்த வருஷம் உன் பொண்ணுக்குக் கிடையாது. ஸ்கூல்ல சொல்லிடுவேன், பாத்துக்கோ."

"அடுத்த வருஷமும் நவம்பர்லதான சார் வரும்? அதுவரிக்கும் அவ எப்படியும் இல்லாமதான் போவா."

வாசலுக்கு நடந்தாள். அங்கே ஜெயலக்ஷ்மி கதவை மறித்து நின்றிருந்தாள். கொத்தவரங்காய் இல்லை. ஒரு கையில் பூஜை அறையில் இருந்து எடுத்துவந்த வெள்ளிக் கிண்ணம், இன்னொரு கை விரல் நுனியில் குழைத்த மஞ்சள்.

"மஞ்சள் வைக்காத துணி இந்தாத்தை விட்டுப் போகப்படாது. போக விட மாட்டேன்."

அது வழக்கமா வஞ்சமா என்று கேட்டிருந்தால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. விரல் காலரை நோக்கி வந்தது. பிரிஸில்லா சட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வைங்க மாமி. நான் வேணாங்கல. பிரிச்சு வைங்க."

"என்ன?"

"குண்டூசி எல்லாத்தயும் எடுங்க. சட்டைய விரிங்க. கீழ ஓரத்துல வைங்க. உங்க பேத்திக்கு எங்க வெச்சீங்களோ அங்க."

"நான் எடுக்கணுமா?"

"நான் எடுத்தா அது உங்க வழக்கம் ஆவாதே."

ஜெயலக்ஷ்மி கணவரைப் பார்த்தாள். கணவர் அட்டையில் காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். சேவைச் செம்மல் வாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் பாக்கெட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு குண்டூசியாகப் பிடுங்கி, பிடுங்கியதை எல்லாம் பிரிஸில்லாவின் கண்ணில் குத்துவது போலப் பார்த்துவிட்டு மேஜைமேல் போட்டாள். ஒன்று அவள் விரலிலேயே ஏறியது. "ஸ்ஸ்" என்றாள். யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. சட்டையை உதறி விரித்து, ஓரத்தைத் தேடி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பொட்டு வைத்தாள். இவ்வளவு வெறுப்போடு யாரும் யாரையும் நன்றாக இருக்கச் சொல்லி ஆசீர்வதித்திருக்க மாட்டார்கள்.

"நன்னா இருக்கட்டும்," என்றாள்.

"இருப்பா," என்றாள் பிரிஸில்லா. சட்டையைக் கேரி பேக்கில் போட்டுக்கொண்டாள். கதவு முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

வியாழக்கிழமை ஆலிஸ் பள்ளிக்குப் போனாள். வெள்ளியும் போனாள். தினமும் துவைத்துக் காற்றாடிக்குக் கீழே காய வைத்தார்கள். கடை பற்றிய பேச்சே வீட்டில் இல்லை. பிரிஸில்லா மூன்றாவது மாடியில் கால் கடுக்க நின்றபோதும் நடுநடுவே சிரித்தாள். சூப்பர்வைசர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் ஆலிஸ் குதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, இன்னிக்கு செம காமெடி. நம்ம லாவண்யா பிரேயர்ல காலர மூட கர்ச்சீப் கட்டிக்கினு வந்தா. மிஸ்ஸு கழட்டச் சொல்லிட்டாங்க. உள்ள பாத்தா சட்னி! நாங்கள்ளாம் சிரிச்சோம் பாரு..."

லாவண்யா இரண்டு வாசல் தள்ளி இருக்கும் இசக்கியம்மாளின் மகள்.

"நாங்களா?" என்றாள் பிரிஸில்லா. "யாரு நாங்க?"

ஆலிஸ் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் சுருங்கியது. போன வாரம் அவள் எந்தப் பக்கத்தில் நின்றாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது. பிரிஸில்லாவின் கை ஓங்கியது. எங்கே விழுவது என்று அதற்கே தெரியவில்லை. பாக்கெட் பாக்கெட்டாக மஞ்சள் வைத்தது மயிலாப்பூர். ஆனால் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு, மற்ற காலர்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மின்தூக்கியில் இறங்கியது யார்?

அதற்குள் வாசலில் சத்தம். இசக்கியம்மாள் மீன் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கை முழங்கை வரை செதில்.

"ஏ பிரிஸில்லா! உன் பொண்ணு என் பொண்ணப் பாத்துச் சிரிச்சாளாமே? அவ ஸ்கூலுக்கே போவ மாட்டேன்னு பாயில சுருண்டு கெடக்கா. உன் மவ பெரிய கலெக்டரா?"

"சிரிச்சாதான். இப்பதான் சொன்னா."

இல்லவே இல்லை என்று சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்திருந்த இசக்கியம்மாள் வேறு வசனத்துக்கு மாறினாள். "உனக்கு மட்டும் ஏது வேற சட்டை? தனியா குடுத்தாங்களா?"

"குடுக்கல. பிடுங்கிக்கினு வந்தேன்."

"அங்க இன்னொண்ணு கீதா?"

"இல்ல. ஒண்ணுதான் இருந்துச்சு. நான் எடுத்துட்டேன்."

இசக்கியம்மாள் அவளைக் கெட்டுப்போன வஞ்சிரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நல்லாருப்ப நீ."

"திட்டுறத வழியில திட்டு," என்றாள் பிரிஸில்லா, செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆலிஸு, போய் லாவண்யாவ எழுப்பு. சிரிச்சதுக்கு மன்னிப்பு கேட்டுக் கூட்டிக்கினு வா. அப்படியே பத்மா வீட்டுலயும் ஃபாத்திமா வீட்டுலயும் சொல்லு, சட்னி சட்டைய எடுத்துக்கினு அம்மாங்கள வரச் சொல்லு. அத்தினி பேருக்கும் அந்த ஆளு வேற சட்டை தெச்சுத் தரட்டும். இல்லாட்டி அந்தப் பட்டத்தக் கழட்டட்டும்."

"நம்மள உள்ள விடுவாங்களா?" என்றாள் இசக்கியம்மாள்.

"என்னைக் கண்டா அந்த மாமி கதவையே தொறக்க மாட்டா. பெல்ல நீ அடி. நான் படியில நின்னுக்கிறேன்."

இசக்கியம்மாளுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. போகிற திசை மட்டும் மாறியது.

"சரி, இரு. கையக் கழுவிக்கினு வரேன்."

"கழுவாத," என்றாள் பிரிஸில்லா. "அப்படியே வா."