லிஸ்தி வரும் வண்டி

அம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ரத்மி குனிந்து அதன் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தாள். மூன்றாவது முறை. மூத்தவள் முதலில், இளையவள் கடைசியில், அதுதான் முறை. அப்படிப் போய் வந்தால்தான் போகிறவரும் நிம்மதியாகப் போவார், இருப்பவருக்கும் துக்கம் ஆறும் என்பார்கள். இளையவள் லிஸ்தி சுராபாயாவிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

"இனிமே தாங்காது, ரத்மி," என்றார் பள்ளிவாசல் மோதினார் கஸ்னான். "பெஞ்ச மழைக்குக் கபர்க் குழியில தண்ணி ஊறுது. வெட்டுன ஆளு வாளி வெச்சு எறைச்சுக்கிட்டிருக்கான்."

ரத்மி மறுபடியும் போன் போட்டாள்.

"அக்கா, முந்தின ஸ்டேஷன்லயே எங்க லோக்கல் வண்டிய ஓரங்கட்டிட்டான். பின்னால எக்ஸ்பிரஸ் வருதாம். அது போனாத்தான் விடுவானாம்." லிஸ்தியின் குரல் உடைந்தது. "அம்மா கீழ நான் போக வேணாமா?"

"அழாதடி. நம்ம வீடு இருக்கிற பக்கத்துக் கதவுகிட்ட வந்து நில்லு. நம்ம ஊர் ரயில்வே கேட் வரும்போது வெளியே பாரு."

அந்த லோக்கல் வண்டிதான் இந்த வீட்டுக்குச் சோறு போட்டது. நீராவி எஞ்சின் இழுத்த காலத்திலேயே அம்மா துகினெம் கூடையோடு அதில் ஏறிவிட்டாள். கைக்குழந்தை லிஸ்தி இடுப்புத் துணியில் தொங்குவாள். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லோக்கல் ஒதுங்கி நிற்கும்போதுதான் வியாபாரம் சூடுபிடிக்கும். வாழையிலையில் சோறு, அவித்த கீரை, மேலே காரமாக வேர்க்கடலைக் குழம்பு. "இன்னிக்கு எக்ஸ்பிரஸ் நல்லா லேட்டாகட்டும்" என்று வேண்டிக்கொண்டே கிளம்புவாள். அப்புறம் டீசல் வந்தது. வண்டிக்குள் விற்கக் கூடாது என்றார்கள். ஏ.சி. போட்டு ஜன்னல்களை அடைத்தார்கள். வீட்டருகே இருந்த சின்ன நிறுத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். "குளுகுளுன்னு வெச்சு வயித்தக் காயப்போடுறானுங்க" என்பாள் அம்மா.

ஊர்வலம் கிளம்பியது. வழக்கப்படி ஒருத்தி முன்னால் துடைப்பத்தால் பாதையைப் பெருக்கிக்கொண்டு போனாள். கபர்ஸ்தான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். சுமந்தவர்களில் பாதிப் பேர் அம்மாவோடு வண்டியில் விற்றவர்கள்.

கேட் மூடியிருந்தது. லிஸ்தியின் வண்டி போகும்போது சந்தூக்கை உயர்த்தச் சொல்லிச் சுமந்தவர்களிடம் ரத்மி சொல்லிவைத்திருந்தாள். தூரத்தில் ஹாரன் கேட்டதும் முன்னால் நின்ற வாலிபன் சந்தூக்கை உயர்த்தப் பார்த்தான்.

"அடேய், எறக்குடா!" என்று அதட்டினார் காப்பி விற்ற கிமின். "உங்கப்பன் இந்தத் தண்டவாளத்துலதானடா வயிறு வளத்தான்? எக்ஸ்பிரஸ் எது, லோக்கல் எதுன்னு தெரியல?"

சாவுக் கூட்டத்திலும் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் சந்தூக்கின் மல்லிகைச் சரங்களை உதறிவிட்டுப் போனது. கேட் திறந்தது.

"வாங்க, வாங்க," என்று மோதினார் முன்னால் நடந்தார். ரத்மி குறுக்கே போய் நின்றாள்.

"கொஞ்சம் நில்லுங்க. அடுத்த வண்டியில லிஸ்தி வர்றா."

"மையித்தை நடுவழியில நிறுத்தி வைக்கலாமாம்மா? அதுவும் அந்த வண்டி இங்க நிக்காதே!"

"நிக்க வேணாம். போனாப் போதும்," என்றாள் ரத்மி. "எங்கம்மா லோக்கல் வண்டி ஆளு, ஐயா. காத்திருக்கத் தெரியும் அவளுக்கு."

மோதினார் வானத்தைப் பார்த்தார், ரத்மியைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, சந்தூக்கின் ஒரு மூலைக்குத் தன் தோளைக் கொடுத்தார்.

மணி அடித்தது, கேட் மறுபடி இறங்கியது. இந்த ஹாரனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து சந்தூக்கைக் கை நீள உயர்த்தினார்கள். முதல் பெட்டியின் கதவுக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள் ஒட்டியிருந்தன. நடுவில் லிஸ்தியின் முகம். சந்தூக்கைக் கண்டதும் குனிந்தாள், இன்னும் குனிந்தாள். எதிரே கடந்தபோது கண்ணாடியில் அவள் தெரியவேயில்லை.

ரத்மி முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள். இரண்டாவது பெட்டி போனது. மூன்றாவது போனது.

"போதும் மாமா, எறக்குங்க. பாவம், கை வலிக்கும்."

"கடைசிப் பெட்டியும் போகட்டும், புள்ள," என்றார் கிமின்.