ஜாக்கெட் போட்ட தோட்டா

கணேசின் தொடையில் எவனோ சுட்டதற்கு நான் மாதக்கணக்காகப் பல்லேகல சிறையில் கிடக்கிறேன். நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. மரக்கறிப் பாத்தியின் எல்லைக்காகத் தினமும் என்னோடு மல்லுக்கு நின்றவன், படுத்த படுக்கையிலேயே என்னைக் கைகாட்டிவிட்டான். வேலியோரப் புதரில் பொலிஸ் எடுத்த பழைய துவக்கும் கிறீஸ் டப்பாவும் என்னுடையவையாம். எனக்குத் தெரியவே தெரியாது என்று ஒரே பிடியாக நின்றேன். லைசென்ஸ் இல்லாத துவக்கு என்றால் அதற்கே தனியாக உள்ளே தள்ளிவிடுவார்கள்.

அன்று கண்டி நீதிமன்றத்தில் ஆயுத நிபுணர் சிங்களத்தில் சாட்சி சொன்னார். மொழிபெயர்ப்பாளன் தொண்டையைச் செருமினான்.

"தொடையில எடுத்தது... அது வந்து... ஜாக்கெட் போட்ட தோட்டாவாம்."

பின்வரிசைப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே என் உயிர் போகிறது, இவன் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறான்!

"செம்பு உறை போட்டதுன்னு சொல்லுங்க" என்றார் என் லோயர் எரிச்சலோடு. பிறகு நிபுணரிடம், கிறீஸ் எதற்கு என்று கேட்டார்.

வார்த்த ஈயக் குண்டு மிருதுவானது. பாயும்போது குழலின் உட்சுவரில் உரசி அப்பிக்கொள்ளும். அதைக் குறைக்கத்தான் கிறீஸ். செம்பு உறை கடினம், அப்படி அப்பாது, கிறீஸும் வேண்டாம். இந்தத் துவக்கின் குழலில் ஒட்டியிருப்பது ஈயம் மட்டுமே, செம்பின் சுவடே இல்லை. கணேசைச் சுட்டது இதுவல்ல என்றார் நிபுணர்.

அப்பாடா!

கணேஸ் துள்ளி எழுந்தான். "பொய்ங்கய்யா! இந்தச் சுமனத் தவிர வேற எவன் என்னயச் சுடுவான்?"

அவன் குரல்வளையைக் கடிக்க வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வீட்டுக்குப் போய்விடலாம்.

அதற்குள் என் மனைவி நிரோஷா பாய்ந்து எழுந்தாள்.

"நாசமாப் போறவனே, இப்பக் கேட்டியா? எங்க துவக்குல ஈயம்தான்டா போடுவோம்! பன்னிக்கு! நாந்தான் என் கையால கிறீஸ் தடவிக் குடுப்பேன்!"

என் லோயர் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று நீதிபதி கேட்டார்.

மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல் விடாமல் சொன்னான்.