வெள்ளேரிமேட்டின் இரண்டாம் பிளாட்பாரம்

வெள்ளேரிமேடு ஸ்டேஷனின் ஒன்றாம் பிளாட்பாரத்தில் இந்த வருடம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் பிளாட்பாரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. செங்கல் சூளைக்காக வெள்ளைக்காரர்கள் திறந்த சின்ன ஸ்டேஷன் அது. பிறகு மின்சார ரயில் வந்தது, அகலப் பாதை வந்தது. வருடங்கள் மட்டும் தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகவில்லை.

கமலவேணி தினமும் ஒன்றாம் பிளாட்பாரத்தில்தான் ரயில் ஏறி வேலைக்குப் போனாள். எதிரே தோல்பையோடு தேவநேசன் நின்றிருப்பான், அதே இளவயதில். அவளோடு ஊரைவிட்டுப் போவதற்காக வந்தவன். அன்று அப்பாவுக்குப் பயந்து அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவனோ வந்த ரயிலையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தான். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று அவளும் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். அதற்குள் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைத்துவிட்டது.

அவள் பணி ஓய்வு பெற்ற அன்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டாம் பிளாட்பாரம் இன்று மாலை நடப்பு வருடத்தில் சேர்க்கப்படும். அங்கே காத்திருப்பவர்கள் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளவும்.

கமலவேணி ஆபீஸில் வழியனுப்பும்போது போட்ட பூமாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்கினாள். தேவநேசன் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தான்.

“உட்காருங்கம்மா. அந்தப் பக்கம் பச்சைத் தாவணி போட்ட பொண்ணு யாராவது வந்தாங்களா?”

“அவ வரமாட்டா தம்பி. நீங்க இந்த ரயில்ல ஏறிடுங்க.”

“அவங்களே சொன்னாங்களா?”

“ம்.”

“என்மேல கோபமா?”

“கோபமில்லப்பா, பயம். உங்கமேல ஆசையாத்தான் இருந்தா.”

“அதை ஒருதடவை வந்து சொல்லியிருந்தா போதுமே” என்றான்.

ரயில் வந்தது. ஏறியவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். “அவங்களைப் பார்த்தீங்கன்னா, நான் ரொம்ப நேரமெல்லாம் காத்திருக்கலேன்னு சொல்லிடுங்கம்மா.”

“சொல்றேன்” என்றாள்.

ரயில் கிளம்பியதும் தண்டவாளங்களும் எழுந்து, ஜல்லியை உதறிவிட்டு, கடைசிப் பெட்டியின் பின்னாலேயே போயின. போர்ட்டர் ஒருவர் அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவை வளைவில் திரும்பும்வரை கமலவேணி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் மண்ணில் இறங்கி எதிர்ப்பக்கம் நடந்தாள். நாலு எட்டு தூரம்தான் இருந்தது.