பேக்பைப்புக்கு வந்த சாமி

1

அமிர்தி பக்கத்தில் பஸ் பஞ்சரானதால் எனக்குக் கிடைத்த கதை இது. பக்கத்து சீட்டுக்காரர் பாதி சொல்வதற்குள் டயர் மாற்றிவிட்டார்கள், அவரும் தூங்கிவிட்டார். மீதியை நான்தான் ஒப்பேற்ற வேண்டும்.

முதல் தொடக்கம்: "ஜவ்வாது மலையில் மூடுபனி மெல்ல..." வேண்டாம். மூடுபனியில் ஆரம்பித்தால் ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: ஜமுனாமரத்தூர், 1979. கிணறு வெட்ட வந்த ஸ்காட்லாந்துக்காரர் டங்கன், பேக்பைப் என்கிற தோல்பைக் குழல் ஊதுவார். அயர்லாந்து நர்ஸ் நோரா பிடில் வாசிப்பார். சந்தை நாள் சாயங்காலம் இருவரும் தங்கள் ஊர் நாட்டுப்பாட்டுகளை வாசிக்க, நம்ம ஊர் மேளக்காரர் அர்ச்சுனன் பம்பையோடு சேர்ந்துகொள்வார். சாமை விற்க வந்தவர்கள் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பார்கள். (நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். மேலே போவோம்.)

2

பச்சையம்மாவை செங்கத்து மண்டிக்காரருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க அவள் அப்பா கருப்பன் ஒப்புக்கொண்டிருந்தார். சந்தைக்கு மறுநாள் நிச்சயம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

[இங்கே அவள் கண்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எனக்கே கூச்சமாக இருந்ததால் அடித்துவிட்டேன்.]

3

அயர்லாந்து ஆட்டப்பாட்டு முடிகிற இடத்திலேயே திரும்ப ஆரம்பிக்கும். அன்று அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே சந்தையில் நின்ற பச்சையம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது.

பயந்துபோன டங்கன் நிறுத்தப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க தொர!" என்று கத்தினார் அர்ச்சுனன். "சாமி வாக்கு சொல்ற வரிக்கும் மேளம் நிக்கக் கூடாது!"

மலை வழக்கம் அது. டங்கன் முகம் சிவக்கச் சிவக்க ஊதினார்.

"வெள்ளக்காரன் மேளத்துக்கு நம்ம சாமி எப்டி வரும்?" என்றார் சம்பந்தம் பேசி முடித்த முனிசாமி.

"ஏன், சாமிக்குக் காது இல்லியா?" என்றாள் புளி விற்கும் சாந்தம்மாள்.

(நடிக்கிறாளா என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். எழுதுகிறவனுக்கே பதில் சொல்லாமல் ஆடுகிறாள்.)

4

முனிசாமி விடவில்லை. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றச் சொன்னார். சாமியானால் சுடாது, அது வேண்டாம் என்று வாக்கு சொன்னால் கல்யாணம் நிற்கும். கையை உதறினால் நாளைக்கே நிச்சயம்.

பச்சையம்மா கையை நீட்டினாள். அவள் கைக்கு மாற்ற, கருப்பன் கற்பூரத்தை ஒரு வெற்றிலையில் வைத்துக் கொளுத்தினார்.

முடிவு அ: சுடவில்லை. பக்தர்களுக்குச் சந்தோஷம்.

முடிவு ஆ: சுட்டது. பகுத்தறிவாளர்களுக்குச் சந்தோஷம்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை, எனக்கும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குள் கருப்பன், என்னைக் கேட்காமலே, எரியும் கற்பூரத்தைத் தன் கைக்குள் மூடிவிட்டார்.

"இன்னாய்யா பண்ற?" முனிசாமி பதறினார்.

"சாமி வந்துக்குதோ இல்லியோ, கை எம் பொண்ணுதுய்யா," என்றார் கருப்பன். அவளைப் பார்த்தார். "இன்னா வேணும்னு சொல்லும்மா. சாமி சொன்னாலும் நீ சொன்னாலும் கேக்குறேன்."

பச்சையம்மாவின் ஆட்டம் நின்றது. டங்கன் மட்டும் ஒன்றும் புரியாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

"நைனா," என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரம் அவளுக்காகச் சாமி பேச வேண்டியிருந்தது, நானும் பேசிக்கொண்டிருந்தேன். நீங்களாவது அவளைப் பேச விடுங்கள்.