சாம்பல் நிற ஸ்வெட்டர்

நான்கு கூண்டுகளில்தான் கோளாறு. எட்டு மாதமாக, நீலச் சீட்டு ஒட்டிய கூண்டுகளின் எலிகள் நிக்கோடின் கலந்த தண்ணீர் குடித்து வந்தன. வெள்ளைச் சீட்டு எலிகளுக்கு வெறும் தண்ணீர். புதிர்ப்பாதையில் விட்டால் வெள்ளைச் சீட்டு எலி விறுவிறுவென்று தீனியைத் தேடிப் போய்விடும். நீலச் சீட்டு எலி தெரிந்த வழியிலேயே தடுமாறி, முட்டுச்சந்தில் மீசையைத் துடைத்துக்கொண்டு நிற்கும். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை. நான்கு வெள்ளைச் சீட்டுக் கூண்டுகளிலும் நிக்கோடின் தடயம்.

"இந்தக் கட்டடத்துல சிகரெட் நாத்தத்தோட உள்ள வர்ற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றார் ஆய்வகத் தலைவியான மேடம்.

கூண்டுக்காரர் கையைப் பிசைந்தார். பத்தொன்பது வருடமாகக் கூண்டு கழுவுகிறவர். "எலிக்கு நான் எங்கேம்மா குடுக்கப் போறேன்? எனக்கே பத்த மாட்டேங்குது."

யாரும் சிரிக்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு மேலிடத்துக்கு எழுதிடுவேன். நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்று மேடம் கணினிப் பக்கம் திரும்பினார்.

வெளியே வந்ததும் கூண்டுக்காரர், அந்த ஆய்வை நடத்தும் மாணவியான அவளிடம், "தங்கச்சி, நான் கை கழுவாம உள்ள போனதே இல்ல. உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும்ணே."

எலி அறைக்குள் போய் அந்த நான்கு கூண்டுகளின் முன்னால் நின்றாள். ஏசி காற்று நேராக அங்கேதான் இறங்கும். எலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உருண்டையாய்த் தூங்கின. சாம்பல் நிறக் கம்பளிக் கூட்டுக்குள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், குளிரில் நடுங்குகின்றனவே என்று கணவனின் பழைய ஸ்வெட்டரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டவள் அவள்தான். பதிவேட்டில்கூட எழுதவில்லை. துணிதானே என்று விட்டுவிட்டாள். எலிகள் அதைக் கடித்துப் பிய்த்துப் பஞ்சாக்கி, அதிலேயே வாழ்ந்திருக்கின்றன.

ஆனால் கணவர்தான் சிகரெட்டை விட்டு இரண்டு வருடம் ஆகிறதே! அந்த ஸ்வெட்டரை வாங்கியதே அதற்குப் பிறகுதான். நைந்துபோகும்வரை தினமும் விடிகாலையில் அதைப் போட்டுக்கொண்டு நடக்கப் போவார். வந்ததும் பால்கனியில் தொங்கவிடுவார், காத்தாடட்டும் என்று. எவ்வளவு பொறுப்பு என்று அவள் பூரித்துப் போயிருக்கிறாள். இதே அறையில் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறாள்.

மணி பதினொன்று நாற்பது. ஓரத்தில் கழிவுப் பை வாயைத் திறந்து கிடந்தது. கூண்டுகளுக்குப் புதுப் படுக்கை போட்டு, கம்பளியை அள்ளி அந்தப் பையில் போட்டால் மதியம் எரியுலைக்குப் போய்விடும். கூண்டுக்காரர் போவார். அந்த நான்கு கூண்டுகளை மட்டும் நீக்கிவிட்டால் அவளுடைய ஆய்வு தப்பும். வீடும் இருந்தபடியே இருக்கும்.

கம்பளியைக் கையில் எடுத்து முகர்ந்தாள். எலிச் சிறுநீர் வாடைதான் வந்தது. தூக்கம் கலைந்த எலி ஒன்று பின்னங்காலில் எழுந்து, காற்றில் மூக்கை நீட்டிக் கம்பளியைத் தேடியது. அதன் உலகத்தில் நேற்றுவரை இருந்த சூடு எங்கே போயிற்று என்று அதற்குப் புரியவில்லை. கழிவுப் பைக்கு மேலே அவள் கை நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பிறகு மாதிரி எடுக்கும் உறை ஒன்றில் கம்பளியைப் போட்டு, வாயை ஒட்டி எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், அனுப்பாதீங்க. நான் போட்ட துணி இது. இதையும் பரிசோதனைக்கு அனுப்புங்க."

மேடம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு மாச உழைப்பு போயிடும்... தெரியுதா உனக்கு?"

"தெரியுது மேடம்."

"யாரோட துணி?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அவர்தான் விட்டுட்டார்னு சொன்னியே?"

வாசலில் நின்ற கூண்டுக்காரர் சட்டென்று தலை குனிந்துகொண்டார். தனக்காக இல்லை, அவளுக்காக.

"சொன்னேன்" என்றாள். பேனாவை எடுத்து உறையின் மேல் தேதி எழுதினாள். எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில், வீடு என்று எழுதினாள்.