துண்டுக்குள் ஆறாவது விரல்

என் கதையைப் படமாக்க வந்த இயக்குநர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

போடி தபால் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நான் எழுதிய தொடர்கதை அது. வேறு கிரகத்திலிருந்து வந்து ஏலக்காய்த் தோட்டத்தில் இறங்குகிற ஒருவன், காளை முன்னால் போக மனிதர்கள் பின்னால் போவதைப் பார்த்து, காளைதான் பூமிக்கு ராஜா என்று நினைத்துவிடுகிறான். ராஜாவை விலைக்குக் கேட்கிறான். தரகர் சந்தை வழக்கப்படி கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார். வந்தவனுக்கோ ஆறு விரல். தரகர் குழம்பிப்போகிறார். வாரப் பத்திரிகைக்கு வந்த கடிதங்களில் பாதி அந்தக் காட்சிக்குத்தான்.

1983-இல் போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் படப்பிடிப்பு. சரியாக அந்தக் காட்சியைத்தான் வெட்டப் போகிறேன் என்றார் இயக்குநர்.

“படிக்கும்போது நானும் சிரிச்சேம்மா. கேமராவுக்கு என்ன தெரியும்? ரெண்டு பேர், ஒரு துண்டு. வேணும்னா துண்டை எடுத்துட்டு விரலைக் காட்டட்டும்.”

தரகராக நடிக்க வந்தவர் பக்கத்துத் தேவாரம் ஊரில் நிஜமாகவே மாட்டுத் தரகரான காசிமாயன். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“தொறந்த கையில வெலை பேசுறதா? நாளைக்கு எவன் எங்கிட்ட மாடு பிடிப்பான்?”

நான் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை துண்டோடு எடுப்போம், சிரிப்பு வராவிட்டால் வெட்டிவிடலாம் என்று இயக்குநர் இறங்கி வந்தார்.

ஒத்திகை பார்த்தார்கள். வேற்றுக்கிரக உடுப்புக்குள் இருந்த மெட்ராஸ் நடிகர் சும்மா கையை நீட்டிக்கொண்டு நின்றார். காசிமாயன் முகம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகமாக இருந்தது.

“அவரு கை செத்த கையா கெடக்கு. நான் என்னத்த முழிக்கிறது?”

“மஞ்சு எறங்குது, மலையவே மூடிரும், வெரசா எடுங்க!” என்று தோட்டத்து வேலையாள் ராக்கு கத்தினாள்.

“அந்த உடுப்பைக் கொடுங்க, நான் போட்டுக்கிறேன்” என்றேன். முகமூடி இருக்கிறதே, பார்க்கிறவர்களுக்கு யார் என்று தெரியவா போகிறது?

காசிமாயனுக்குத் தெரியும். “தங்கச்சி, பொம்பள கை துண்டுக்குள்ள வந்ததில்ல.”

“இங்க வந்ததில்லண்ணே. எங்க கிரகத்துல பொம்பளைகதான் மாடு பிடிப்பாக.”

நான் உடுப்பையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு வந்ததும் அவர் கையை நீட்டினார். எங்கள் கைகள்மேல் துண்டு விழுந்தது. விரல் பேச்சில் எனக்கு ஒன்றுமே தெரியாது. பெண்ணுக்கு யார் சொல்லித் தருவார்கள்? கதையில் இருந்தது அத்தனையும் நானாக இட்டுக்கட்டியது. எப்படியோ தெரிந்துதான் எழுதியிருக்கிறாள் என்று சந்தையே நம்பிக்கொண்டிருந்தது. வசமாக மாட்டிக்கொண்டேன்.

கேமரா ஓடியது. அவர் என் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். நான் அவர் கட்டைவிரலைத் திருகினேன். அவர் புருவம் ஏறியது. சுண்டுவிரலைக் கிள்ளினேன். ராஜா விலையா, அடிமாட்டு விலையா என்று புரியாமல் காளையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். மற்றக் கையிலிருந்து ஒரு விரலையும் உள்ளே நுழைத்தேன். தடவி எண்ணிக்கொண்டே போனவர் ஆறில் நின்றார். வாய் பிளந்தது. கேமராவுக்குப் பின்னால் இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“கட்! இது படத்துல இருக்கும்மா.”

முகமூடிக்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காட்சி பிழைத்த சந்தோஷமும் குட்டு உடைந்த வெட்கமும் சேர்ந்து வந்தன. கையை உருவப் பார்த்தேன். காசிமாயன் விடவில்லை.

“ஒண்ணும் தெரியாமத்தான் எழுதினியா, தங்கச்சி?”

“ஆமாண்ணே.”

சிரித்தார். விலகியிருந்த துண்டை இழுத்து மூடிவிட்டு, என் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தார்.

“இனிமே கத்துக்க. ராஜாவுக்கு இதுதான் நம்ம ஊரு வெலை. யோசிச்சுச் சொல்லு.”